சாய்கோடு

வேலையை மாற்றிக்கொள்வதற்காக லோகேஸ்வரன் சொன்ன பொய் அப்படி ஒன்றும் பெரியதல்ல. ஜார்ஜ்டவுனில் பல் வைத்தியரைப் பார்க்க வேண்டும், பினாங்குத் தீவுப் பக்கத்துப் பள்ளியை எனக்குக் கொடுத்துவிட்டு சுங்கைப்பட்டாணிப் பள்ளிக்கு நீ போ என்று கூட வேலை செய்யும் ஷாருலிடம் கேட்டார். ஷாருல் நல்ல பிள்ளை. எந்தப் பல் என்று அக்கறையாக விசாரித்தான். இந்தக் கேள்வியை லோகேஸ்வரன் எதிர்பார்க்கவில்லை. வாயைத் திறந்து, ஒரு குறையும் இல்லாத பல் ஒன்றைத் தொட்டுக் காட்டினார். அன்று மாலை வரை அவரைக் காணும்போதெல்லாம் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தான் ஷாருல்.

உண்மையான காரணம் அந்தத் தீவுப் பள்ளியில் நான்காம் படிவம் படித்துக்கொண்டிருந்தது. பெயர் நிரோஷா. லோகேஸ்வரனின் ஒரே மகள்.

மனைவி ஜெகதீஸ்வரி அவரைப் பிரிந்ததற்குக் குடியோ கூத்தோ அடிதடியோ காரணமில்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் சொந்தக்காரர்கள் நியாயம் பேசவாவது ஒரு பிடி கிடைத்திருக்கும். மனிதர் பேசமாட்டார், அவ்வளவுதான். கேட்டதற்குப் பதில் வரும், அதிலும் பாதி வாய்க்குள்ளேயே தங்கிவிடும். சுவரோடு குடித்தனம் நடத்த என்னால் முடியாது என்று சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு தீவிலிருந்த அக்காள் வீட்டுக்குப் போனாள். பிறகு வங்கியில் வேலை பார்க்கும் வாசு என்பவரைக் கட்டிக்கொண்டாள். வாசு தங்கமான மனிதர் என்று எல்லாரும் சொன்னார்கள். லோகேஸ்வரனுக்கும் அதில் சந்தேகமில்லை. கஷ்டமே அதுதான். கெட்டவனாக இருந்தால் திட்டவாவது செய்யலாம்.

ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மகளைப் பார்த்தார். பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறிப் போய், அவளை ஒரு கடைக்கு அழைத்துச் சென்று சாப்பிட வைத்து, ஸ்கூல் எப்படி என்று கேட்பார். ஓக்கே என்பாள். அதற்கு மேல் என்ன பேசுவதென்று இரண்டு பேருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தேய்ந்து பள்ளி விடுமுறை ஆயிற்று, விடுமுறையும் தேய்ந்து தைப்பூசம் ஆயிற்று. வருஷத்துக்கு ஒரு தடவை, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில் ஒரு தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் அவர் நிற்பார். அவள் தாயோடு வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவாள். போன தைப்பூசத்துக்கு அதுவும் இல்லை. டியூஷன் இருக்கிறது என்று ஒரு வரி அனுப்பினாள். தைப்பூசத்தன்று பினாங்கில் எந்த வாத்தியார் டியூஷன் நடத்துகிறார் என்று அவர் கேட்கவில்லை. சரிம்மா என்று பதில் போட்டுவிட்டு, பந்தலில் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

செபராங் ஜெயாவில் அவர் குடியிருந்த அடுக்குமாடி வீட்டில் டிவி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். பார்ப்பதற்கு அல்ல, வீட்டில் யாரோ பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கட்டும் என்றுதான். பேசாத மனிதருக்குப் பேச்சு தேவையில்லை என்று நாம் நினைக்கிறோம். அது தப்பு. அவருக்குத்தான் அதிகம் தேவை, கேட்டு வாங்கத்தான் தெரியாது. இப்போதும் அவர் ஆசைப்பட்டது அதற்குத்தான்: மகள் இருக்கும் அறையில் தானும் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும், அவள் தன்னிடம் நாலு வார்த்தை பேச வேண்டும். அந்த நல்ல பல்லைப் பழித்ததும் அதற்காகத்தான்.

அவருடைய கம்பெனிக்கு வேலை, பள்ளிக்கூடக் கணினிகளை இணையத் தேர்வுக்குத் தயார்செய்து கொடுப்பது. நான்காம் படிவ மாணவர்களுக்கு ஓர் ஆங்கிலத் தேர்வு, முழுக்கக் கணினியில். அதற்கென்று ஒரு தனி பிரவுசரை ஒவ்வொரு கணினியிலும் ஏற்ற வேண்டும். அதைத் திறந்துவிட்டால் திரை முழுவதையும் அதுவே பிடித்துக்கொள்ளும். வேறு பக்கம் போக முடியாது, எதையும் நகல் எடுக்க முடியாது, யாருக்கும் செய்தி அனுப்ப முடியாது. தேர்வு முடிந்த பிறகும் பிள்ளை தானாக வெளியே வர முடியாது. கூடத்தில் இருக்கும் பொறுப்பாளர் வந்து பாஸ்வேர்ட் அடித்தால்தான் கணினி விடும். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் காப்பியடிக்காமல் இருக்க இவ்வளவு ஏற்பாடு.

முதல் நாள் முழுக்க அவர் கணினிக் கூடத்தில் தனியாகத்தான் இருந்தார். கூடத்துக்குப் பொறுப்பான ஆசிரியை நோர்மா காலையில் வந்து கதவைத் திறந்துவிட்டு, ஏர்கான் ரிமோட்டைக் கையில் கொடுத்து, பாட்டரி பலவீனம், நன்றாக அழுத்த வேண்டும் என்று மலாயில் எச்சரித்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். லோகேஸ்வரன் வரிசையாக ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்தார். தானாக வந்து விழும் அப்டேட்டுகளை நிறுத்தினார். வைரஸ் காவலுக்கு இந்த பிரவுசர் திருடனல்ல என்று சொல்லி வைத்தார். மூலையிலிருந்த ஒரு கணினி பல வருஷத்துக்கு முந்தைய தேதியைக் காட்டிக்கொண்டு, இந்த வருஷத்துக்கு வரவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. அதற்கு உள்ளே சின்னதாக ஒரு பாட்டரி மாற்ற வேண்டியிருந்தது. ஒரு பாட்டரியை மாற்றி மனுஷனையும் இப்படி நிகழ்காலத்துக்குக் கொண்டுவர முடிந்தால் எவ்வளவோ தேவலை.

பேச்சுத் தேர்வும் உண்டென்பதால் ஒவ்வொரு ஹெட்போனிலும் மைக்கைச் சோதிக்க வேண்டும். திரையில் ஓர் ஆங்கில வாக்கியம் வரும். அதை வாசித்தால் கணினி பதிவு செய்துகொண்டு திரும்பக் கேட்கவிடும். காலை வணக்கம், நான் என் குடும்பத்தோடு ஒரு சிறிய வீட்டில் வசிக்கிறேன் என்பதுதான் அந்த வாக்கியம். முதல் கணினியில் வாசித்தபோது அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாவது வரிசை வந்தபோது தோன்ற ஆரம்பித்தது. ஒவ்வொரு நாற்காலியாக மாறி உட்கார்ந்து, குடும்பத்தோடு வசிக்கிறேன், குடும்பத்தோடு வசிக்கிறேன் என்று சொல்ல, அவர் குரலே அவர் காதுக்குள் வந்து அதைத் திரும்பச் சொன்னது. கடைசி வரிசையில் அவர் வாக்கியத்தை விட்டுவிட்டு ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணினார். மைக் அதையும் நன்றாகவே பதிவு செய்தது.

ஓய்வு மணி அடித்ததும் ஜன்னலுக்கு ஓடினார். ஓடினார் என்றுதான் சொல்ல வேண்டும், நாற்காலி ஒன்று சாய்ந்து விழுந்தது. கீழே கேன்டீனை நோக்கிப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, பின்னல், மறுபடி வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, பின்னல். இவர்களில் ஒருத்தி தன் மகள். எவள் என்று தெரியவில்லை. நடையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தார். அவருக்குத் தெரிந்த நடை, பதினொரு வயதுப் பிள்ளையின் துள்ளல் நடை. கீழே போனவர்கள் எல்லாரும் பெரிய மனுஷிகளாக நடந்தார்கள். மணி அடித்து எல்லாரும் உள்ளே போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியவில்லையே என்று நொந்துகொண்டே விழுந்த நாற்காலியை எடுத்து நிறுத்தினார்.

மறுநாள் ஒத்திகை. பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வந்து தங்கள் அடையாள அட்டை எண்ணைப் போட்டு உள்ளே நுழைந்து, சில மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் எழுதிவிட்டு வெளியேற வேண்டும். உண்மையான தேர்வு அடுத்த வாரம். லோகேஸ்வரன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கடையில் மடித்த மடிப்பு மார்பில் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. கழுத்தில் கம்பெனி அட்டை. அதில் அவர் பெயர் கொட்டை எழுத்தில்.

நிரோஷாவின் வகுப்பு இரண்டாவதாக வந்தது. கதவருகே காலணிகளைக் கழற்றும் கூட்டத்தில் அவளை அவர் உடனே கண்டுகொண்டார். முகத்தைப் பார்த்தால் எப்படித் தெரியாமல் போகும்? அவருடைய மூக்கு, தாயின் நெற்றி. அவளும் அவரைப் பார்த்தாள். ஒரு கணம் அப்படியே நின்றாள். பின்னாலிருந்து யாரோ தள்ளவும் உள்ளே வந்து, துஷ்யந்தி என்ற தோழியின் பக்கத்தில், இரண்டாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். அவர் தலையை லேசாக அசைத்தார். அது அவளுக்குத் தெரிந்ததோ இல்லையோ.

நோர்மா எல்லாரையும் எண்ணைப் போடச் சொன்னார். சீனப் பிள்ளைகள் நுழைந்தார்கள். மலாய்ப் பிள்ளைகள் நுழைந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் நுழைய முடியவில்லை. சிவப்புப் பட்டையில் பெயர் செல்லாது என்று வந்து நின்றது. முதலில் வந்த வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளே இல்லாததால் அதுவரை இது யாருக்கும் தெரியவில்லை. நம்ம ஆளுங்க மட்டும் வெளிய நிக்கிறோம் என்று ஒரு பையன் சொல்ல, கூடம் சிரித்தது.

லோகேஸ்வரனுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. புரிந்ததும் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மலேசியாவில் தமிழர் பெயர்களுக்கு நடுவே ஒரு சாய்கோடு உண்டு. ஆணுக்கு ஏ/எல், இன்னாருடைய மகன் என்று அர்த்தம். பெண்ணுக்கு ஏ/பி, இன்னாருடைய மகள். பிறப்புப் பத்திரத்திலிருந்து சாவுப் பத்திரம் வரைக்கும் அந்தக் கோடு கூடவே வரும். இந்த மென்பொருளை எங்கேயோ எழுதியவனுக்கு அது தெரியாது. பெயருக்குள் சாய்கோடா, யாரோ களவாக உள்ளே வரப் பார்க்கிறான் என்று கதவைச் சாத்திவிட்டது. பெயர்களை ஏற்றியது லோகேஸ்வரன். தன் பெயரிலேயே அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு நாற்பத்தேழு வருஷம் வாழ்ந்த மனிதர், மைக்கைச் சோதித்தார், பாட்டரியைச் சோதித்தார், இதைச் சோதிக்கவில்லை.

கோலாலம்பூரிலிருந்த கம்பெனித் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். கோட்டை எடுத்துவிட்டு கையால் திருத்துங்கள், திரையில் தெரிவதற்கு மட்டும்தான் இந்தப் பெயர், சான்றிதழ் அடையாள அட்டைப்படிதான் வரும், எப்படி எழுதினாலும் பரவாயில்லை என்றார்கள். எப்படி எழுதுவது என்று நோர்மாவுக்குத் தெரியவில்லை. நாமாக வெட்டி ஒட்டி, என் பெயரை ஏன் எடுத்தீர்கள் என்று நாளைக்கு எந்தத் தகப்பனாவது வந்து நின்றால் என்ன செய்வது? அவர்களையே கேட்டுவிடுங்கள், எப்படி வேண்டுமோ அப்படிப் போடுங்கள் என்றார். ஆகவே தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து லோகேஸ்வரனின் மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள்.

ஒவ்வொருவராகக் கேட்டார். ஒரு பையன் கோட்டை மட்டும் எடுத்துவிட்டு மீதியெல்லாம் இருக்கட்டும் என்றான். இன்னொருவன் தன் அப்பா பெயரை மட்டும் போட்டால் தேர்வை அவரே எழுதுவாரா என்று கேட்டுவிட்டு நோர்மாவின் முறைப்பை வாங்கிக்கொண்டான். துஷ்யந்தி, அப்பா பேரு கண்டிப்பா வேணும் அங்கிள் என்று சொல்லி, எழுத்துக்கூட்டியும் கொடுத்தாள். அவள் நகர்ந்ததும் அடுத்து நிரோஷா.

அவளுடைய வரி அவர் லேப்டாப்பில் திறந்திருந்தது. அவள் பெயர், அந்தக் கோடு, அதற்குப் பிறகு அவர் பெயர். இத்தனை வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது அந்த ஒரு வரியில்தான். நல்லா இருக்கியா என்று கேட்க வாயெடுத்தார். துஷ்யந்தி போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

“பேரு எப்படிப் போடணும்?” என்றுதான் கேட்க வந்தது.

நிரோஷா மேசையைப் பார்த்தாள். “நிரோஷா மட்டும் போதும் அங்கிள்.”

“ஏன்டி, அப்பா பேரு வேணாமா?” என்றாள் துஷ்யந்தி.

“நீளமா இருக்குலா.”

வலித்தது. ரொம்பவே வலித்தது, அதை மூடி மறைக்க ஒன்றுமில்லை. பெயரை எடுத்ததுகூடப் பெரிதில்லை. அந்த அங்கிள்தான் சுட்டது. ஆனால் அவருக்குக் கோபம் வரவில்லை. காலையில் அவளைக் காரில் கொண்டுவந்து விடுகிறவர் வாசு. பரிசளிப்புக்கு வந்து கைதட்டுகிறவர் வாசு. தோழிகளுக்குத் தெரிந்த அப்பா அவர்தான். திடீரென்று புதுச் சட்டையில் வந்து உட்கார்ந்திருக்கும் கணினிக்காரரைக் காட்டி, இவரும் என் அப்பா என்று ஒரு பிள்ளை எப்படிச் சொல்லும்? கர்சரைப் பெயரின் கடைசியில் வைத்துப் பின்னோக்கி அழித்தார். அவருடைய பெயர் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போனது. பிறகு கோடும் போனது. துஷ்யந்தியின் கண் தன் கழுத்தட்டைப் பக்கம் வருவதைக் கண்டு, அட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“சரிம்மா. இப்ப போய்ப் பாரு,” என்றார்.

எல்லாரும் நுழைந்தார்கள். ஒத்திகை தொடங்கியது. கூடத்தில் விசைப்பலகைச் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. லோகேஸ்வரன் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து அவளுடைய பின்னலும் ஒரு பக்கக் காதும் தெரிந்தன. யோசிக்கும்போது காதைத் தொட்டுக்கொள்கிறாள் என்பதைப் பார்த்தார். இது அவருக்குத் தெரியாத பழக்கம். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது? ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூல் எப்படி என்று கேட்டதற்குப் பதிலாக இந்த மாதிரி எதையாவது பார்த்திருக்கலாம். ஒரே அறை, ஒரே காற்று, பத்தடி தூரம். ஆசைப்பட்டதில் பாதி கிடைத்துவிட்டது, மீதிப் பாதி கிடைக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

நேரம் முடிந்தது. பிள்ளைகள் கையைத் தூக்க, நோர்மா ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் போய்ப் பாஸ்வேர்ட் அடித்து ஒவ்வொருவராக விடுவித்தார்கள். அங்கிள் இங்க, அங்கிள் இங்க என்று நாலா பக்கமும் சத்தம். அவர் முன்வரிசையில் ஒரு பையனுடைய கணினியில் குனிந்திருந்தார். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், அவசரத்தில், கொஞ்சம் எரிச்சலோடு வந்தது.

“அப்பா, இது நின்னுடுச்சு.”

“என்னம்மா,” என்று திரும்பினார் லோகேஸ்வரன்.

தமிழ்ப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் கூடமே அதிர்ந்தது. டீச்சரை அம்மா என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்ளாத பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது? அந்த மாதிரிதான் இதுவும் என்று எல்லாரும் நினைத்தார்கள். துஷ்யந்தி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். என்ன நடந்தது என்று நோர்மா கேட்க, யாரோ மலாயில் சொல்ல, அவரும் சிரித்தார். லோகேஸ்வரன் திரும்பிய வேகத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. அவர் சொன்ன பதிலையும் ஒருவரும் கவனிக்கவில்லை. நம் ஆட்கள் எந்தப் பெண் பிள்ளையையும் அம்மா போட்டுத்தான் கூப்பிடுகிறோம், அதில் கவனிக்க என்ன இருக்கிறது?

நிரோஷா மட்டும் சிரிக்கவில்லை. முகமெல்லாம் சிவந்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சாரி அங்கிள். வாய் தவறிடுச்சு,” என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

“பரவால்லம்மா,” என்றார் அவர், அதுவும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. குரல் நன்றாகத்தான் வந்தது. அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து பாஸ்வேர்டை அடித்தார். தப்பு என்றது. மறுபடி அடித்தார். மறுபடியும் தப்பு. அவரே வைத்த பாஸ்வேர்ட். அவள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி அவருக்கு இடம் விட்டாள். எழுந்து போகவில்லை. அவள் தலையிலிருந்து தேங்காய் எண்ணெய் வாசம் லேசாக வந்தது. மூன்றாவது தடவையில் கணினி அவளை விட்டது.

வகுப்பு வெளியே போக ஆரம்பித்தது. துஷ்யந்தி காலணியைத் தேடிக் கதவுக்கு வெளியே போனாள். நிரோஷா ஹெட்போன் வயரைச் சுற்றி வைப்பதற்குத் தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டாள். கடைசியில், அவரைப் பார்க்காமலே மெதுவாகக் கேட்டாள்.

“அடுத்த வாரம் பரீட்சைக்கும் நீங்கதான் வருவீங்களா?”

அந்தக் கேள்வியில் அங்கிள் இல்லை. அப்பாவும் இல்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

வருவேன் என்று சொல்ல அவருக்கு எவ்வளவோ ஆசை. ஆனால் பரீட்சையன்று வெளியாள் யாரும் கூடத்துக்குள் இருக்கக் கூடாது. அது விதி. பாஸ்வேர்டை நோர்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவதோடு அவர் வேலை முடிந்தது. பொய் சொல்லலாம்தான். இந்தப் பள்ளிக்கு வருவதற்கே ஒரு பொய் சொன்னவர்தானே. ஆனால் இவளிடம் சொல்ல மனம் வரவில்லை.

“இல்லம்மா. ஏதாச்சும் ஓடலன்னாதான் கூப்புடுவாங்க.”

நிரோஷா சுற்றிப் பார்த்தாள். வரிசை வரிசையாக எல்லாக் கணினிகளும் பச்சை விளக்கோடு, அடுத்த வகுப்புக்குத் தயாராக இருந்தன.

“எல்லாம் நல்லாத்தான் ஓடுது,” என்று ஒரு குறையைச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, கதவைப் பார்த்து நடந்தாள்.

இத்தனை வருஷ வேலையில் லோகேஸ்வரன் எத்தனையோ பள்ளிகளில் நல்ல பெயர் வாங்கியிருக்கிறார். இப்படி அழுகை முட்டிக்கொண்டு வாங்கியதில்லை.